யார் பார்த்தது என்று எழுதுங்கள்

மார்ச் 3

குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்கு நான் எடுக்கவேண்டிய வகுப்பின் பொருள் முடிவாகிவிட்டது. பராமரிப்பவரே தம் பொறுப்பில் உள்ளவருக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வதும், சில வேளைகளில் தாமே அதை உண்டாக்குவதும் பற்றிப் பேசப்போகிறேன். அதற்கான குறிப்புகளை இங்கே அவ்வப்போது எழுதி வைக்கிறேன்.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ராய் மெடோ 1977ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அதில் இரண்டு குழந்தைகளின் கதை இருக்கிறது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் சிறுநீரில் இரத்தம் காணப்பட்டது. மருத்துவமனை மாற்றி மருத்துவமனை சேர்த்தும், பல மருந்துகள் கொடுத்தும் காரணம் பிடிபடவில்லை. செவிலியரின் கண்காணிப்பில் எடுத்த மாதிரிகள் தூய்மையாக இருந்ததும், தாய் தனியே இருந்து எடுத்த மாதிரிகளில் மட்டுமே கோளாறு இருந்ததும் தெரிந்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. மற்றொரு குழந்தைக்கு உடலில் உப்பு அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அது கண்டறியப்பட்டும் அக்குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சிறுமியை மீட்டது பெரிய கருவி எதுவுமில்லை, மாதிரியை யார் எடுத்தார் என்ற கேள்விதான்.

மார்ச் 6

இக்கொடுமையில் என்னை மிகவும் உலுக்குவது, குழந்தைக்கு நேரும் தீங்கில் பெரும்பகுதி எங்கள் கைகளின் வழியே நேர்கிறது என்பதே. அமெரிக்க மருத்துவர்களான தாமஸ் ரோஸ்லரும் கரோல் ஜென்னியும் 2009இல் இதை நேராகவே கேட்டார்கள்: பராமரிப்பவரின் தூண்டுதலால் குழந்தை தேவையற்ற, தீங்கு தரக்கூடிய சிகிச்சையைப் பெற்றதா? தாயின் மனத்தில் என்ன இருந்தது என்பதை ஆராய்வதற்கு முன்பே இக்கேள்விக்கு விடை தேடலாம். எனக்கு இந்த வரிசைதான் சரியாகப் படுகிறது.

குழந்தை மருத்துவம் பெற்றோர் சொல்லும் வரலாற்றின் மேல் நிற்பது. இரவில் மூச்சு நின்றது என்று தாய் சொன்னால், அதை வேறு யாரும் பார்க்காதபோதும் நாங்கள் நம்புகிறோம். நம்பாவிட்டால் உண்மையாகவே நோயுள்ள ஆயிரம் குழந்தைகளைக் கைவிட்டவர்களாவோம். ஆனால் வராத வலிப்புக்குக் கொடுக்கப்படும் மருந்து குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்துகிறது, அந்த மயக்கம் புதிய அறிகுறியாகப் பதிவாகிறது, அதற்கென்று அடுத்த பரிசோதனை எழுதப்படுகிறது, பிறகு குழாய் வழியே உணவு, அறுவை சிகிச்சை என்று அது நீள்கிறது. பள்ளிக்குப் போகாமல், விளையாடாமல் வளரும் பிள்ளை, தான் நோயாளி என்பதையே தன் அடையாளமாக ஏற்றுக்கொள்கிறது.

மிகைப்படுத்திச் சொல்வதும் பொய்யாகச் சொல்வதுமே அதிகம். நோயை உடலில் உண்டாக்குவது அவற்றைவிட அரிது, ஆனால் உயிருக்கே உலைவைப்பது. 2003இல் வெளியான ஷெரிடன் என்ற ஆய்வாளரின் கட்டுரை, அதுவரை மருத்துவ இதழ்களில் பதிவான 451 நேர்வுகளைத் திரட்டியது. அவற்றில் 6 சதவீதக் குழந்தைகள் இறந்திருந்தார்கள். முதல் அறிகுறியிலிருந்து உண்மை தெரியவரச் சராசரியாக 22 மாதங்கள் அளவில் ஆகியிருந்தது.

மார்ச் 7

இது குழந்தைகளோடு நிற்பதன்று. தனக்கு நேர்வதை வாய்விட்டுச் சொல்ல இயலாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இதே வலையில் சிக்குகிறார்கள். இதைப் பற்றித் தனி வகுப்பே வேண்டும்.

மார்ச் 11

இளைய செவிலியர் ஒருவர், “அப்படியானால் அதிகம் கேள்வி கேட்கும் தாய்மார்களையெல்லாம் சந்தேகிக்க வேண்டுமா, அக்கா?” என்று கேட்டார். இக்கேள்வி வகுப்பின் நடுவில் இருக்கவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

தன் இரண்டு குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு தாயின் வழக்கில் இதே ராய் மெடோ 1999இல் சாட்சி சொன்னார். வசதியான குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் தொட்டிலில் திடீரென இயற்கையாக இறப்பதற்கு 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்றார். 8,543இல் ஒன்று என்ற எண்ணைத் தன்னோடு தானே பெருக்கிக் கிடைத்த கணக்கு அது. ஒரே குடும்பத்தின் இரு மரணங்களுக்கும் பொதுவான பரம்பரைக் காரணமோ சூழல் காரணமோ இருக்கக்கூடும் என்பதை அது விட்டுவிட்டது. இங்கிலாந்தின் அரச புள்ளியியல் கழகம் 2001இல் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. 2003இல் தண்டனை நீக்கப்பட்டு வெளியே வந்த அந்தத் தாய், 2007இல் இறந்துபோனார். உண்மையைக் கண்டறிந்த அதே மருத்துவரின் சொல், இன்னொரு இடத்தில் குற்றமற்ற ஒருவரைச் சிறையில் தள்ளத் துணைநின்றது. இதை மறைத்துவிட்டு முதற்கதையை மட்டும் சொல்லிக்கொடுப்பது நேர்மையாகாது.

பெயர் தெரியாத அரிய நோயுள்ள குழந்தையின் தாயும் பல மருத்துவர்களைப் பார்ப்பார், மருத்துவச் சொற்களைக் கற்றிருப்பார், எங்களோடு வாதாடுவார். பரிசோதனை முடிவு நன்றாக இருந்தால் பதற்றமுள்ள தாய்க்குப் பெரும்பாலும் நிம்மதி வரும் என்பார்கள். இந்த ஒன்றை வைத்து யாரையும் எடைபோட நான் ஒப்பமாட்டேன். ஆள் எப்படிப்பட்டவர் என்பதிலிருந்து முடிவுக்குப் போகக்கூடாது. சொல்லப்பட்டதும் காணப்பட்டதும் பொருந்துகின்றனவா என்பதிலிருந்தே போகவேண்டும்.

மார்ச் 15

ஆகவே வகுப்பின் பெரும்பகுதி பதிவேட்டைப் பற்றியதாகவே இருக்கும். “மாலையில் வலிப்பு வந்தது” என்று எழுதக்கூடாது. “வலிப்பு வந்ததாகத் தாய் கூறினார், பணியாளர் எவரும் பார்க்கவில்லை, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது குழந்தை விழிப்புடன் இருந்தது” என்று எழுதவேண்டும். மாதிரியை எடுத்தவர் யார், உணவு கொடுத்தவர் யார், அப்போது அருகில் இருந்தவர் யார் என்பவை நேரத்தோடு பதிவாகவேண்டும். இப்படி எழுதினால் பொய்யும் வெளிப்படும், உண்மை சொல்லும் தாயின் சொல்லுக்கும் சான்று கிடைக்கும்.

உறுதியான ஆய்வகச் சான்றும் சில இடங்களில் உண்டு. கணையம் தானாக இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே சி-பெப்டைடு என்ற துணைப்பொருளும் வெளிவரும். சர்க்கரை தாழ்ந்திருக்கையில் இன்சுலின் மிகுந்தும் சி-பெப்டைடு குறைந்தும் இருந்தால், அந்த இன்சுலின் வெளியிலிருந்து வந்தது என்ற சந்தேகம் வலுக்கிறது.

சந்தேகம் எழுந்தால் செவிலியர் தனியாகத் தாயிடம் போய்க் கேட்கவே கூடாது. குற்றம் சாட்டப்பட்டதை உணர்ந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போய்விடலாம். தாம் சொன்னது மெய் என்று காட்டக் குழந்தைக்கு மேலும் தீங்கு செய்யவும் கூடும். மூத்த மருத்துவரிடமும் குழந்தைப் பாதுகாப்புக் குழுவிடமும் முதலில் சொல்லவேண்டும். பழைய மருத்துவமனைகளின் ஆவணங்களை ஒரே மருத்துவர் முழுவதும் படிக்கவேண்டும். உடன்பிறந்தவர்களின் உடல்நல வரலாற்றையும் கேட்கவேண்டும்.

மார்ச் 18

உண்மை தெரிந்தபின் குழந்தைக்கு என்ன செய்வது என்பது என் குறிப்பில் இன்னும் மெலிந்தே இருக்கிறது. தேவையற்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் ஒவ்வொன்றாகக் குறைக்கவேண்டும். குழாய் வழியே உண்டு பழகிய குழந்தைக்கு வாயால் உண்ண மெல்லக் கற்றுத்தரவேண்டும். அது தன் தாயை இன்னும் நேசிக்கிறது என்பதை மதித்து, வயதுக்கு ஏற்ற அளவில் உண்மையைச் சொல்லவேண்டும். கடைசியாகச் சொன்னதைச் செவிலியர் தாமாகச் செய்ய முடியாது. ஆகவே குழந்தை உளவியலாளர் ஒருவரை வகுப்பின் இரண்டாம் பாதிக்கு அழைத்திருக்கிறேன்.