ஊட்டி ரயிலில் அக்காவும் நானும்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில் ஊட்டி போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மொத்தத் தூரமே 46 கிலோமீட்டர்தான். காரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாமே என்று அத்தான் கணக்குச் சொல்ல, பிள்ளைகளும் பாட்டியோடு காரில்தான் வருவோம் என்று கட்சி மாறிவிட, கடைசியில் அக்காவும் நானும் மட்டும் ரயிலேறினோம். டிக்கெட்டும் இரண்டுதான் உறுதியாகியிருந்தது, அதனால் யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

அக்கா இருப்பது வெளிநாட்டில். விடுமுறைக்கு வந்தால் வீடு கொள்ளாத கூட்டம், தனியாகப் பேச வாய்ப்பே கிடைக்காது. மற்ற நாட்களில் போன் பேச்சு அம்மாவின் சர்க்கரை அளவில் ஆரம்பித்து, மாத்திரை, அடுத்த செக்கப் தேதி என்று போய் அங்கேயே முடிந்துவிடும். சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சின்ன வயதில் நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது.

எங்கள் பெட்டியில் எதிரெதிர் இருக்கை, முட்டியோடு முட்டி இடித்தது. கழிப்பறை கிடையாது, போகிறவர்கள் ஸ்டேஷனிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள். உட்கார்ந்ததும் அக்கா, "கல்லாறு வரைக்கும் ஜன்னல் உனக்கு, அப்புறம் எனக்கு" என்றாள். பெருந்தன்மை என்று நினைத்தேன். கல்லாறு வரை சமவெளியும் பாக்குத் தோப்பும்தான், மலையே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது! எல்லாம் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருக்கிறாள். நாற்பதைத் தாண்டியும் இந்தப் புத்தி போகவில்லை.

கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டம் ஓடுகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது, சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை இது, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார்.

வேகம் சைக்கிள் வேகம்தான். போட்டோ எடுத்து முடித்து, போன் சிக்னலும் போய், அம்மாவின் சர்க்கரையையும் பேசி முடித்த பிறகும் ரயில் பாதி மலைகூட ஏறியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, போன வருஷம் சில மாதங்கள் வேலை இல்லாமல் இருந்ததை அக்கா போகிற போக்கில் சொன்னாள். அந்த மாதங்களிலும் அம்மாவுக்குப் பணம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. பதிலுக்கு நான், அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததையும், தையல் போட்டதையும், உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டதையும் சொன்னேன்.

ரயில் கிளம்பியதும் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

பக்கத்தில் இருந்த குடும்பம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. அக்கா விரலை நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் குகை வந்துவிட்டது. இந்தப் பாதையில் மொத்தம் 16 குகைகள், ஒவ்வொன்றிலும் ரயிலே ஓவென்று கத்தும். இருட்டில் எல்லோரையும் மிஞ்சிக் கேட்டது அக்காவின் குரல்தான். வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து திட்டினாள். இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை, ஆனாலும் திட்டு நிற்கவில்லை.

குன்னூரில் டீசல் எஞ்சின் மாட்டினார்கள். அதற்குப் பிறகு வெலிங்டன், கேத்தி, லவ்டேல் எல்லாம் அழகுதான், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. அம்மாவின் பாத்ரூமில் கைப்பிடி வைப்பது, பகலில் கூட இருக்க ஆள் பார்ப்பது, யாருக்கு எவ்வளவு செலவு என்று பேசிக்கொண்டே ஊட்டி வந்துவிட்டது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்குத் தனியாகப் போன் செய்கிறாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் அப்படி என்ன பேச்சு என்று கேட்டுக்கொண்டே, போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்கிறாள்.