இன்னும் மூன்று மாதம்

புது வேலையில் ஆறு மாதம் முடிந்ததும் கன்ஃபர்மேஷன், அதாவது வேலை நிரந்தரம் என்ற கடிதம், வரும் என்று காத்திருந்தேன். வந்த கடிதத்தில் தகுதிகாண் காலம் மேலும் 3 மாதம் நீட்டிப்பு. காரணம் ஒரே வரி: ‘செயல்பாடு மேம்பட வேண்டும்.’ இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. “பெர்மனென்ட் ஆயிடுச்சாப்பா?” என்று அம்மா கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய், “எதுல குறைன்னு எழுதிக் கொடுங்க சார்” என்றேன். இரண்டு எழுதினார். மாதக் கடைசி ஸ்டாக் கணக்கு தாமதம். ஜிஎஸ்டி பில்லில் ஹெச்எஸ்என் எண் (சரக்கு எந்த வகை என்று காட்டும் எண்) தப்பு. சரி, திருத்தக்கூடியதுதான். இப்போது பில் போடுமுன் எண்ணை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் வேலையைக் குறித்துவைக்கும் டைரியை அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன்.

அப்புறம், என்னைப் போல இருப்பவர்களுக்கு ஒன்று. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சட்டம் பொருந்தும் இடத்தில், தகுதிகாண் காலம் என்று சொல்லி பி.எஃப். கட்டாமல் நிறுத்திவைக்க முடியாது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. மேலாளர் பொறுப்பில் இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். சம்பளச் சீட்டையும் வருகைப் பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்று ராத்திரி அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன்.