ஆரோவில் உடைந்த கார்க்

ஸ்பெயினின் வடக்கே பில்பாவோவிலிருந்து ஆரோவுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். எழுதும்போது முன்னால் ஒரு ஹெச் உண்டு, ஸ்பானியர்கள் அதை வாயில் கொண்டுவர மாட்டார்கள். டிக்கெட் கவுன்டரில் நான்கு முறை 'ஹாரோ, ஹாரோ' என்று கேட்டு அந்த அம்மா விழித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. கூட வந்தவன் கல்லூரி நண்பன், பில்பாவோவில் வேலை பார்க்கிறான், பீர் தவிர வேறெதையும் மதிக்காதவன். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பதற்கு வரலாமே என்று வந்தான்.

ரியோஹா பகுதியின் ஒயின் ஊர் இது. ஸ்பெயினில் தெருவுக்கு மின்விளக்கு போட்ட முதல் ஊர்களில் ஒன்று, 1890லேயே. 'ஆரோ வந்துவிட்டோம், விளக்கெல்லாம் தெரிகிறதே' என்று அந்தப் பக்கத்தில் இன்னமும் ஒரு பேச்சு உண்டு. இத்தனை சின்ன ஊருக்கு அந்தக் காசு எப்படி வந்தது என்றால், ஒரு பூச்சியால். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பிலாக்ஸரா என்ற நுண்ணிய பூச்சி 1860களிலிருந்து பிரான்சின் திராட்சைக் கொடிகளை வேரோடு தின்று தீர்க்க, போர்தோ வியாபாரிகள் சரக்கு தேடி மலை தாண்டி இங்கே வந்தார்கள். ஊருக்கு ஏற்கெனவே ரயில் இருந்தது. பீப்பாயை உருட்டி வண்டியில் ஏற்ற வசதியாக ஸ்டேஷனை ஒட்டியே ஒயின் ஆலைகள் முளைத்தன. அவர்கள் மொழியில் போதேகா. லோபெஸ் தெ எரேதியா 1877, அடுத்து குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890 என்று இன்றும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி நிற்கின்றன. அப்புறம் அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது, அது வேறு கதை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது 225 லிட்டர் ஓக் பீப்பாயும், ஒயினை அதில் போட்டு வைத்துக் காத்திருக்கும் பழக்கமும்.

காலையில் லோபெஸ் தெ எரேதியாவைச் சுற்றிப் பார்த்தோம். வாசலில் கட்டடக் கலைஞர் ஜாஹா ஹதீத் வடிவமைத்த, ஒயின் குடுவை மாதிரி வளைந்த ஒரு கூடம் இருக்கிறது. அதைத் தாண்டிக் கீழே இறங்கினால் நூறு வருஷம் பின்னால் போய்விடலாம். சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை, மேலே கனமான ஒட்டடை. துடைக்கவே மாட்டார்களாம், கார்க்கைத் துளைக்கும் அந்துப்பூச்சிகளைச் சிலந்திகள் பார்த்துக்கொள்கின்றன. பழைய பாட்டில்கள் தூங்கும் மூலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கல்லறை. பீப்பாய்களை அங்கேயே சொந்தமாகச் செய்கிறார்கள், மரம் அமெரிக்க ஓக். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒயினை மாற்றுவார்கள், அடி வண்டலைப் பின்னால் விட்டுவிட்டு. வடியும் ஒயினுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துப் பார்த்து, கலங்கல் தெரிந்ததும் நிறுத்துவது பழைய வழக்கம். கடைசியில் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலக்குவார்கள், அது முரட்டுத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

நல்லதாக ஒன்று குடிக்காமல் போவதில்லை என்று பழைய ஊர்ப் பகுதியில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். திராட்சைக் கொடிச் சுள்ளிகளை எரித்து, அந்தத் தணலில் சுட்ட சின்னச் சின்ன ஆட்டு எலும்புக் கறி. அதற்குக் காலையில் பார்த்த லோபெஸ் தெ எரேதியாவின் வின்யா தொண்டோனியா கிரான் ரெசெர்வா, 2001 அறுவடை, ஒரு பாட்டில். கிரான் ரெசெர்வா என்றால் நெடுநாள் வைத்துப் பழுக்கவிட்ட ரகம். சட்டப்படி கிரான் ரெசெர்வாவுக்கு மொத்தம் 5 வருஷம் போதும், அதில் 2 வருஷமாவது பீப்பாயில் இருக்க வேண்டும். இவர்கள் பீப்பாயிலேயே அதைவிடப் பல வருஷம் கூடுதலாக வைக்கிறார்கள். விலையைக் கேட்டு நண்பன் மெனுவைத் திருப்பி வைத்தான். பஸ், சாப்பாடு எல்லாம் சேர்ந்தாலும் அதைத் தொடாது.

பரிமாற வந்த பையன் அவசரத்தில் கார்க் எடுக்கும் திருகாணியைச் சாய்வாக இறக்கி இழுத்தான். பாதி கார்க் கையோடு வந்தது, மீதி கழுத்திலேயே நின்றது. முகம் வெளுத்துப்போய் உள்ளே ஓடினான். நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார், ஒன்றும் பேசவில்லை. இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள ஒரு கருவியைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகி, அசைத்து அசைத்து, முள் எடுக்கிற மாதிரி வெளியே கொண்டுவந்தார். நுனி கறுத்து ஈரமாக இருந்தது. ஒரு சின்ன வடிகட்டியை வைத்து ஊற்றினார்.

நிறத்தைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம். சிவப்பு ஒயின் என்றால் நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும் என்றுதானே நினைப்போம், இது நனைந்த செங்கல் நிறம், ஓரத்தில் லேசாக ஆரஞ்சு. கிளாஸுக்குப் பின்னால் விரல் தெரிந்தது.

"டேய், தண்ணி கலந்திருக்காங்கடா."

"இருடா, வெயிட் பண்ணு."

முதல் மோப்பத்தில் ரொம்ப நாள் திறக்காத மரப்பெட்டி. அவ்வளவுதான். நான் பேசாமல் கறியைத் தின்றேன். இருபது நிமிஷம் கழித்து மறுபடி மூக்கை வைத்தால் காய்ந்த ஆரஞ்சுத் தோல், புகையிலை, அதற்கு அடியில் சந்தேகமில்லாமல் கொப்பரைத் தேங்காய். அமெரிக்க ஓக்கின் வேலை அது என்று படித்திருக்கிறேன், ஆனால் ஆரோவில் உட்கார்ந்துகொண்டு கொப்பரை மணக்கும் என்று நினைக்கவில்லை. நண்பனிடம் நீட்டினேன். முகர்ந்தான், இன்னொரு தடவை முகர்ந்தான், "எங்க பாட்டி வீட்டு எண்ணெய்ச் செக்கு" என்றான்.

வாயில் வைத்தால் கனமே இல்லை. பழசு என்றால் கெட்டியாக, காரமாக, தலைக்கேறுவதாக இருக்கும் என்ற என் கணக்கு முழுத்தப்பு. இத்தனை வருஷமும் இதிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று ஒட்டி வண்டலாக இறங்கிவிட, புளிப்பு மட்டும் அசையாமல் நிற்கிறது, நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு. அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் இது எப்போதோ செத்திருக்கும். விழுங்கிய பிறகு, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அப்படி ஓர் இனிப்பு மெல்ல ஏறிவந்து போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்தது. கறியின் கொழுப்பு வாயில் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. தனியாகக் குடித்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்குமா, சொல்லத் தெரியவில்லை.

இதில் முக்கால் பங்கு தெம்பிரானியோ திராட்சை, சீக்கிரம் பழுக்கிற ரகம் என்பதால் 'சீக்கிரம்' என்ற ஸ்பானியச் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். மணி நாலரை ஆகியும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

கடைசிக் கிளாஸை மீசைக்காரர் ஊற்றவில்லை, பாட்டிலைக் காட்டி வேண்டாம் என்று விரலை ஆட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நண்பன் எடுத்துத் தன் கிளாஸில் கவிழ்த்தான். காசு கொடுத்ததுடா என்று ஒரே மடக்கு. பில்டர் காபி அடியில் தங்கும் தூள் மாதிரி பல்லெல்லாம் கறுப்பு. பில்பாவோ போய்ச் சேரும்வரை பஸ்ஸில் வாயைத் திறக்காமலே வந்தான்.