மகஜரில் மாலை நாலேகால்

எங்கள் வட்ட அலுவலகத்தில் மதிய உணவுக்கென்று தனி அறை கிடையாது. பதிவறைக்கு வெளியே, பழைய அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் நீண்ட மேசையின் ஓரத்தில் டிபன் பாக்ஸ்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்தாறு பேர் உட்காருவோம். சென்ற மாதம் முழுவதும் அந்த மேசையில் ஓடியது ஒரே பேச்சுதான்: புதிதாக வெளிவந்த ஒரு குற்றப் புலனாய்வுத் தொடர். கடலோரச் சிற்றூர் ஒன்றில் வட்டிக்குப் பணம் கொடுப்பவர் கொலையாகிறார். கொன்றவன் யாரென்று ஊருக்கே தெரிந்திருந்தும் கூண்டில் ஏறிச் சொல்ல ஆள் இல்லை. நேர்மையானவர் என்று பெயரெடுத்த இன்ஸ்பெக்டர், ஒரு வெட்டுக்கத்தியைத் தானே கிணற்றுக்குள் போட்டு, மறுநாள் குற்றவாளியைக் கூட்டிக்கொண்டு போய்த் தானே கண்டெடுக்கிறார்.

ஓட்டை கண்டுபிடிப்பதில் எங்களவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் இளநிலை உதவியாளரான பெண், குரூப் 4 தேர்வுக்குப் படித்த அதே கவனத்தோடு தொடரையும் பார்த்திருந்தார். ஓர் இரவு முழுவதும் கிணற்றுத் தண்ணீரில் கிடந்த கத்தியில் ரத்தக்கறை அப்படியே எப்படி இருக்கும் என்பது அவருடைய முதல் கேள்வி. வீட்டில் மீன் அரிந்த கத்தியைக் கழுவுகிறவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகமெல்லாம் வரும் என்று துணை வட்டாட்சியர் சிரித்தார். அப்படியானால் தொடரை எழுதியவர் ஒரு நாளும் பாத்திரம் கழுவாதவர் என்று அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தார். அதற்கு எங்கள் ஒருவரிடமும் பதில் இல்லை.

சர்வேயரின் ஆட்சேபம் வேறு. கதையில் கொலையாளி எல்லை தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் ஓடிவிட, நம் ஊர் இன்ஸ்பெக்டர் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்து வருகிறார். "முள்ளோடை எல்லையைத் தாண்டினாலே புதுச்சேரி போலீஸின் சிவப்புத் தொப்பி சார். அங்கே போய் இவர் எப்படிக் கை வைப்பார்?" என்று அவர் விடாமல் கேட்டார். ஒரு வரப்பு கடலூர் மாவட்டத்திலும் அடுத்த வரப்பு புதுச்சேரியின் பாகூர் கொம்யூனிலுமாக இருக்கும் நிலங்களில் சங்கிலி பிடித்தவர் அவர். எல்லைக் கல் என்பது அவருக்குக் கிட்டத்தட்டத் தெய்வம். ஆனால் இது ஓட்டையே இல்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க ஒருவரை இந்தியாவின் எந்த இடத்துக்கும் பின்தொடர்ந்து போய்ப் பிடிக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48-வது பிரிவிலேயே இருந்தது. கல் நிலத்துக்குத்தான், ஓடுகிறவனுக்கு இல்லை என்றேன். அவர் முழு மனத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லோரும் சேர்ந்து குழம்பிய இடம் ஒன்று உண்டு. பிடிபட்டவன் ஸ்டேஷனில் உட்கார்ந்து நான்தான் வெட்டினேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அதன் பிறகும் இன்ஸ்பெக்டர் ஏன் கத்திக்காக அலைய வேண்டும்? இதைக் கதையின் பெரிய பலவீனம் என்றே பேசினார்கள். போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் செய்யும் ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25-வது பிரிவில் சொன்னது. 27-வது பிரிவில் ஒரு சிறு வாசலையும் திறந்து வைத்தது: காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய அளவுக்கு மட்டும் அவன் சொன்னது செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இவையெல்லாம் 23-வது பிரிவுக்குள் ஒன்றாக வந்துவிட்டன. ஆங்கிலேயர் காலத்தில் மேல்முறையீடுகளின் கடைசிப் படியாக இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்த புலுகுரி கோட்டையா வழக்கை வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இதற்காகத்தான். என் வீட்டுக் கூரையில் மறைத்து வைத்திருக்கும் கத்தியை எடுத்துத் தருகிறேன் என்பது செல்லும். அந்தக் கத்தியால்தான் குத்தினேன் என்பது செல்லாது. ஆகவே கத்தி இல்லையென்றால் அந்த வாக்குமூலம் வெறும் காகிதம். தொடரை எழுதியவருக்கு இந்த இடம் நன்றாகவே தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த ஒரு வாரம் நியாய அநியாயத்தில் கழிந்தது. ஓய்வு பெற ஓராண்டே இருக்கும் துணை வட்டாட்சியர், இன்ஸ்பெக்டர் செய்ததில் தவறில்லை, கொன்றவன் உள்ளே போனான், அவ்வளவுதானே என்றார். இன்றைக்குக் கொன்றவன் மேல் போடும் கத்தியை நாளைக்கு என் தம்பி மேல் போட மாட்டார்கள் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று அந்தப் பெண் கேட்டார். கையெழுத்து என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்தக் காட்சியில் ஒருவர் வருகிறார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் ஒரு பை. கிணற்றங்கரையில் நீட்டிய தாளில் குனிந்து கையெழுத்திட்டுவிட்டுத் திரையை விட்டுப் போய்விடுகிறார். மொத்தம் இரண்டு விநாடி இருந்தால் அதிகம். அவர் கிராம நிர்வாக அலுவலர். மகஜர் என்பது சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பதிவு. தமிழ்நாட்டில் ஒரு கொலை வழக்கின் பார்வை மகஜரிலும் கைப்பற்றுதல் மகஜரிலும் பெரும்பாலும் சாட்சிக் கையெழுத்து அவருடையதும் தலையாரியுடையதுமாகத்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் பகைக்கு அஞ்சி ஒதுங்கிவிடுவார்கள். அரசு ஊழியர் என்றால் சம்மனுக்குத் தவறாமல் வருவார், பிறழ் சாட்சியாகவும் மாற மாட்டார். இன்ஸ்பெக்டரின் மனப் போராட்டத்தைப் பற்றி மேசையில் பேசாதவர் இல்லை. இந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உதவியாளராகப் பதவி உயர்வு பெறுவதற்கு முன்பு நான் அந்த வெள்ளைச் சட்டைதான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எனக்கு முந்திரிக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். மறு மாதம் முழுவதும் நிவாரணக் கணக்கெடுப்பு. வேரோடு சாய்ந்த மரம், கிளை முறிந்த மரம், யாருடைய மரம் என்று தோப்புத் தோப்பாக நடந்து எழுதிக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு நாள் இருட்டும் நேரத்தில் ஸ்டேஷன் ஒன்றிலிருந்து தலைமைக் காவலர் போனில் அழைத்தார்: ஒரு சின்னக் கையெழுத்து, வந்துவிட்டுப் போங்கள் சார்.

போனபோது மகஜர் எழுதி முடிந்திருந்தது. இரண்டு கார்பன் தாள்கள் இன்னும் உருவப்படாமல் நடுவில் இருந்தன. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், முன்னே நடந்து சென்று, பாழுங்கிணற்றுக்குத் தெற்கே புதரிலிருந்து எடுத்துக் கொடுத்த வெட்டுக்கத்தியைக் கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் மாலை 4.15 மணிக்குக் கைப்பற்றியதாக அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. கத்தி மேசை மேல் நாளிதழில் சுற்றிக் கிடந்தது. பிடியில் செம்மண் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவ்வளவுதான். பெஞ்சுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவனை எனக்குத் தெரியும், அடங்கல் நகலுக்காக என்னிடம் வந்திருக்கிறான். அவன்தான் வெட்டினான் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை, எனக்கும் இல்லை. அந்தக் கத்தியை அவனே எடுத்துக் கொடுத்தும் இருக்கலாம். நான் அங்கே இல்லை.

தொடரில் இன்ஸ்பெக்டர் கத்தியைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு முழு எபிசோடு தவிக்கிறார்; மழை பெய்கிறது, பழைய நினைவுகள் வருகின்றன. எனக்குப் பசித்தது. காலையிலிருந்து நடந்த கால் வலித்தது. தலைமைக் காவலர் எங்கள் கிராம எல்லையில் மணல் வண்டி பிடிக்கும்போதெல்லாம் துணைக்கு வந்தவர். டீ வாங்கிக் கொடுத்தார். தலையாரி ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்த கையெழுத்தின் கீழே நானும் போட்டேன். முழுக் காரியத்துக்கும் டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. பெரிய தவறு செய்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். தோன்றவே இல்லை.

இரவு வீட்டில் நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் விழித்துக்கொண்டேன். அன்று பிற்பகல் மூன்று முதல் ஐந்தரை வரை, தோட்டக்கலை அலுவலரோடு கூட்டாக, அந்தக் கிணற்றிலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வேறொரு குக்கிராமத்தில் மரம் எண்ணிக்கொண்டிருந்தேன். கணக்கெடுப்புத் தாளில் இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தோம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு நடந்ததை நடந்தபடியே எழுதினேன். அது நேர்மையா, இல்லை நிவாரணக் கணக்கில் தணிக்கை வரும் என்ற பயமா என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சம்மன் வந்தது. அரசுத் தரப்பில் ஏழாவது சாட்சி நான். எதிரித் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். கிணற்றுக்குச் சுற்றுச் சுவர் உண்டா, புதர் எத்தனை அடி உயரம், எதிரி எந்தக் கையால் எடுத்தான், அரக்கு முத்திரை எங்கே வைத்தார்கள் என்று முக்கால் மணி நேரம் துளைத்தார். மகஜரை மனப்பாடம் செய்து போயிருந்த நான் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. அன்று மாலை நாலேகாலுக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. மகஜரிலேயே எழுதியிருக்கிறதே, எதற்குக் கேட்க வேண்டும்? நேரில் கண்டவர்கள் பிறழ்ந்துவிட்டதால் வழக்கு எப்படியோ விடுதலையில் முடிந்தது. செய்தியைக் கேட்டபோது எனக்கு வந்தது நிம்மதி. கொலையானவரின் மனைவி விதவைச் சான்றுக்காக என் முன்னால் வந்து நின்றபோது அந்த நிம்மதிக்காகக் கூசினேன்.

இதையெல்லாம் மேசையில் சொல்லவில்லை. பொதுவாக மட்டும், மகஜர் சாட்சி உண்மையிலேயே அங்கே இருந்தாரா என்று யாரும் பார்ப்பதில்லையே என்றேன். இனிமேல் அது நடக்காது சார், சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவில் இருக்கிறதே என்றார் இளநிலை உதவியாளர். சர்வேயருக்கு வேறு யோசனை: அடுத்த சீசனில் இன்ஸ்பெக்டரின் செல்போன் டவரை வைத்துத்தான் மாட்டிக்கொள்வார் என்றார். டவர் எதற்கு என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் கை கழுவப் போனேன். அந்தக் கிராமத்தை விட்டு மாறுதலாகும்போது என் நாட்குறிப்புகளைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் வரிசை எண் போட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கரையான் அரிக்காமல் இருந்தால், அந்த நாளை எழுதிய பக்கம் அங்கே பீரோவின் கீழ்த்தட்டில் இன்னும் இருக்கும்.