கோர்ட் ஏலத்தில் விலை கேட்கிறவர்களோடு

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அதில் பெரும்பகுதி கோர்ட் ஏலத்தில் சொத்து எடுக்க வருகிறவர்களோடு அலைந்ததுதான். கடனைக் கட்டாதவரின் சொத்தைக் கோர்ட் விற்று, அந்தக் கடனை வசூலிப்பதுதான் கோர்ட் ஏலம். கீழக்கரை, தொண்டி, மண்டபம் என்று கடற்கரை ஊர்களிலிருந்து வருவார்கள். வெளிநாட்டில் சம்பாதித்ததை ஊரில் மண்ணாகவோ வீடாகவோ போட்டுவைக்க நினைப்பவர்கள் அதிகம். கையில் ஏல அறிவிப்பின் ஜெராக்ஸ் இருக்கும். உட்கார்ந்ததும் கேட்பார்கள்: "எவ்வளவுக்குக் கேட்கலாம்?"

"இடத்தைப் பார்த்தாச்சா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பார்க்காதவரிடம் தொகையைப் பற்றிப் பேசுவதில்லை. ஏலக் கூடத்தில் நாலு பேர் ஏற்றிக் கேட்கும்போது மனதில் வருகிற தொகை நம்முடையது அல்ல, அந்த நாலு பேருடையது. நம்முடைய தொகையைச் சொத்தின் வாசலில் நின்றுதான் முடிவு செய்ய வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

ஏல அறிவிப்பில் என்ன இருக்கும்? சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, வசூலிக்க வேண்டிய தொகை, தெரிந்த வில்லங்கம், இரு தரப்பும் சொன்ன மதிப்பு. சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 21, விதி 66 கேட்பது ஏறக்குறைய இவ்வளவுதான். சொத்துக்கு நல்ல பாத்தியதை இருக்கிறது என்று கோர்ட் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. கடனாளிக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் நமக்கு வரும். அவருக்கு விற்கக்கூடிய உரிமையே இல்லை என்று பின்னால் தெரிந்தால் விதி 91இன்படி ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கும் ஏல நாளிலிருந்து 60 நாள்தான். அதனால் வில்லங்கச் சான்று, பட்டா, எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாவற்றையும் முன்பே கையில் வாங்கிவிட வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அ-பதிவேட்டைப் பார்க்காமல் ஒரு அடி வைக்க மாட்டேன். இது ஜமீன் இருந்த மண். தேவஸ்தான நிலம், வக்ஃபு நிலம், புறம்போக்கு எல்லாம் தனியார் பட்டாவுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். நான்கு எல்லையில் ஒன்று பிசகினால் நாம் கேட்ட விலை யாருடைய மண்ணுக்கோ கேட்டதாகிவிடும்.

சாயல்குடிப் பக்கம் ஒரு நிலம். ஏல அறிவிப்பின் சொத்து விவரத்தில், அதாவது ஷெட்யூலில், "கிணறு 1, தென்னை 40" என்று இருந்தது. எங்கள் கட்சிக்காரர் அதைப் படித்தே மனதுக்குள் தோப்பு வைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் கண்ணுக்கு எட்டின வரை சீமைக்கருவேல். அரிவாளால் வெட்டிக்கொண்டு உள்ளே போனோம். தென்னை நின்ற இடத்தில் மட்டைகூட இல்லை, அடித்தூர் ஏழெட்டு மட்டும் கறுத்துப்போய் நின்றது. கிணறு இருந்தது. வாளியில் மொண்டு ஒரு வாய் வைத்தேன். உப்பு. கடல் தண்ணீர் மாதிரி இல்லை, ஆனால் விழுங்க முடியாது. அந்த உப்பு நாக்கில் இருக்கும்போதே கட்சிக்காரர் தன் தொகையைப் பாதியாகக் குறைத்தார். எல்லைக் கல்லைத் தேடினோம். நாலில் இரண்டுதான் கிடைத்தது. ரோட்டிலிருந்து நிலத்துக்குப் போக எந்த ஆவணத்திலும் பாதை இல்லை, அடுத்தவர் நிலத்தில் மிதித்துத்தான் போக வேண்டும். அதற்குப் பிறகு அவர் ஏலத்துக்கே வரவில்லை. சரியான முடிவு.

கடலை ஒட்டின இடமென்றால் இன்னொரு விஷயமும் உண்டு. கடல் ஏறி வருகிற உயர் ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1991இல் வந்த அறிவிக்கையை 2011லும் 2019லும் மாற்றி எழுதினார்கள். எந்த வகை மண்டலத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து, கட்டடமே கட்ட முடியாத இடமாகவும் இருக்கலாம். நம் கரையில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவும் இருக்கிறது. "கடல் தெரியிற மாதிரி வீடு கட்டணும்" என்று வருகிறவர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுவேன். நிறையப் பேருக்கு முகம் வாடிவிடும். பணத்தைக் கட்டின பிறகு வாடுவதைவிட அது மேல்.

அப்புறம் பணம். ஏலம் தன் பேரில் முடிந்ததுமே நூற்றுக்கு 25 அங்கேயே கட்ட வேண்டும். மீதி 75, பதினைந்தாம் நாள் கோர்ட் மூடுவதற்குள். விற்பனைச் சான்றிதழுக்கான முத்திரைத் தொகையும் அதற்குள்ளேயே. இந்தக் கெடுவை நீட்டிக்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே சொல்லிவிட்டது. மண்டபத்தில் ஒரு விசைப்படகு உரிமையாளர் ஏப்ரல் மாதம் ஒரு வீட்டை ஏலம் எடுத்தார். கால் பங்கை அன்றே கட்டினார். மீதிக்கு அவர் நம்பியிருந்தது மீன் வியாபாரியிடமிருந்து வர வேண்டிய பாக்கியையும் தொடர்ந்து வரும் மீன்பாட்டையும். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை படகு நகராது. வியாபாரியும் கையை விரித்துவிட்டார். பதினைந்தாம் நாள் சாயங்காலம் கோர்ட் வாசலில் நானும் அவரும் நின்றோம். மூன்று லட்சத்துக்குச் சில்லறை குறைந்தது. கட்டின கால் பங்கு அரசுக்குப் பறிமுதலாகி, சொத்து மறு ஏலத்துக்குப் போனது. "மீதி எங்கிருந்து வரும்?" என்று ஏலத்துக்கு முந்தின நாள் அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கடற்கரையில் பிறந்தவன், எனக்குத் தடைக்காலத் தேதி தெரியாதா? அந்தக் கேள்வியை இப்போது யாரிடமும் கேட்காமல் விடுவதில்லை.

அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே விற்க வழிசெய்யும் 2002ஆம் வருடத்துச் சர்ஃபேசி சட்டத்தில் வங்கிகள் நடத்துகிற ஏலம் வேறு. அங்கே கால் பங்கை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்டலாம். விவசாய நிலம் அந்தச் சட்டத்துக்குள் வராது. வழக்கென்றால் கடன் வசூல் தீர்ப்பாயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். கடனாளி சொத்தை மீட்பதில்தான் பெரிய வித்தியாசம். 2016 திருத்தத்துக்குப் பிறகு வங்கி ஏலத்தில் ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுக் கடனையும் கட்டியாக வேண்டும். கோர்ட் ஏலத்தில் ஏலம் முடிந்த பிறகும் கதவு திறந்தே இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் விலை கேட்டவர் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கீழக்கரை பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தங்கச்சிமடத்தில் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தது, அடமானக் கடனைக் கட்டச் சொன்ன கோர்ட் தீர்ப்பாணை, அதாவது டிகிரி. வழக்கம்போல முதலில் இடத்தைப் பார்க்கப் போனோம். ஓட்டு வீடு, முன்னால் கான்கிரீட்டில் ஒரு அறை. பின்பக்கம் மணலில் மல்லிகைப் பதியன் போட்டிருந்தார்கள். ஒரு அம்மா வேர் பிடித்த கன்றுகளைப் பிடுங்கி, ஈரச் சாக்கில் வைத்து, எண்ணி எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சிமடத்து மல்லிகைக் கன்று எங்கெல்லாமோ போகிறது, அதைக் கட்டுகிற கையை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் மணல். நாங்கள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் இனித்தது. சாயல்குடிக் கிணறு ஞாபகம் வந்தது. பாய் கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். அவர் மனதில் விலை ஏறுவது எனக்குத் தெரிந்தது.

"தம்பி, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று அந்த அம்மா கேட்டார். வாங்குகிறவரோடு வந்திருக்கிறேன், என்ன சொல்ல? பேசாமல் இருந்துவிட்டேன்.

பாய் 14 லட்சத்துக்கு எடுத்தார். மூன்றரை லட்சம் அன்றே கட்டினார், மீதியையும் பத்தே நாளில் கட்டிவிட்டார். ஏலம் முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மா வராந்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன், பதினெட்டு வயது இருக்கும். பாய் சலானோடு உள்ளே இருந்தார். நான் போய்ச் சொன்னேன்: "அக்கா, இன்னும் முடியல. ஏலத்தை உறுதி செய்யறதுக்கு முன்னாடி முழுத் தொகையையும் கட்டலாம். உங்க வக்கீல்கிட்ட ஆர்டர் 34, விதி 5ன்னு கேளுங்க."

அது சட்டத்தில் எழுதியிருப்பது. டிகிரித் தொகை, வட்டி, செலவு எல்லாவற்றையும் கட்டி, அதோடு ஏலத்தொகையில் நூற்றுக்கு 5 ஏலதாரருக்காகவும் கட்டினால் ஏலம் ரத்தாகிவிடும். அடமானம் இல்லாத சாதாரணப் பண டிகிரியென்றால் ஆர்டர் 21, விதி 89, அதற்கும் இதே 5தான், 60 நாள் கெடு. ஏலதாரர் காத்திருந்ததற்கும் பணத்தை முடக்கியதற்கும் சட்டமே போட்டுவைத்த தொகை அது. அதனால்தான் எடுத்தவர்களிடம் சொல்வேன்: உறுதியாகிற வரை அந்த வீட்டில் ஒரு செங்கல்லைத் தொடாதீர்கள், வேறு யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள், அந்த இரண்டு மாத வட்டியையும் கழித்துவிட்டு விலை கேளுங்கள். பாயிடமும் ஏலத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்ட வேண்டிய 6 லட்சத்துச் சொச்சத்தை அந்தக் குடும்பம் எங்கே புரட்டப்போகிறது என்று நினைத்துவிட்டார்.

ஐம்பத்திரண்டாம் நாள் கட்டினார்கள். அக்கா தங்கச்சி நகையெல்லாம் அடகுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். மகன் ஒரு படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தான். நூறும் ஐநூறுமாக ஒரு மஞ்சப்பையில் இருந்த பணத்தை பேங்கில் எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஏலம் ரத்தானது. பாய்க்கு அவர் கட்டின 14 லட்சமும், அதற்கு மேல் எழுபதாயிரமும் வந்தது.

அவர் ஒரு வாரம் ஆபீஸ் பக்கம் வரவில்லை. வந்த அன்று நேராகக் கேட்டார். "தம்பி, அந்த அம்மாவுக்கு நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா பாய்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் கொடுத்த டீயைக் குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். உச்சிப்புளிப் பக்கம் இன்னொரு ஏல அறிவிப்பு. "இதுல யாரு குடியிருக்காங்கன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார்.