லிபரேட்டருக்கு மூன்றாம் தடவை வெள்ளி

நான் கட்டும் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மாடலில் இந்தத் தடவை பெயின்ட் உரியவில்லை. நேற்று ராத்திரி இடது இறக்கையில் இருந்த கடைசி மாஸ்கிங் டேப்பை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். அடியில் பூசிய கறுப்பு தெரியவில்லை, பிளாஸ்டிக்கும் தெரியவில்லை. வெள்ளி மட்டும்தான். ஹாசெகாவா நிறுவனத்தின் 1/72 அளவு பி-24 (லிபரேட்டரின் இன்னொரு பெயர்) கிட், இறக்கை நீளம் மட்டுமே 46 செ.மீ.க்கு மேல். இரண்டு முறை பூசி, இரண்டு முறையும் தேய்த்து எடுத்த பிறகு கிடைத்த வெற்றி.

நான் செய்வது இந்திய விமானப்படையின் லிபரேட்டர். போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் விட்டுப்போன விமானங்கள் இவை. இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்று உடலில் ஓட்டை போட்டு, கருவிகளை நொறுக்கி, எஞ்சினில் மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். 1948-ல் காஷ்மீர்ப் போரின்போது கனரக குண்டுவீச்சு விமானம் தேவைப்பட, ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அந்தக் குப்பையைக் கிளறினார்கள். ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டி, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பெங்களூருக்கே ஓட்டிப் போய் முழுதாகச் சீரமைத்தார்கள். கான்பூரிலிருந்து ஓட்டிப் போனவர் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி. இப்படி மீண்டவை 40-க்கும் மேல். அதே ஆண்டு நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் இவற்றோடு தொடங்கியது. பின்னால் 6-ஆம் ஸ்குவாட்ரனில் கடல் கண்காணிப்புக்கும் போய், 1968 வரை உழைத்தன.

அப்படி ஒட்டுப்போட்ட விமானம் ஒரே சீரான மினுமினுப்பில் இருந்திருக்காது என்பது என் கணிப்பு. அதனால் பேனலுக்குப் பேனல் நிறம் மாற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். சிக்கலே அங்கேதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஏற்கெனவே பூசிய வெள்ளியின் மேல் டேப் ஒட்டியாக வேண்டும்.

முதல் தடவை, வெள்ளிக்கு அடியில் பூசும் பளபளப்பான கறுப்பை (கிளாஸ் பிளாக்) தூரத்திலிருந்து அடித்துவிட்டேன். துளிகள் காற்றிலேயே காய்ந்து, தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருந்தது. அதன் மேல் அல்கிளாட் என்ற உலோக நிறப் பெயின்டை அடித்தால் வெள்ளி வராது, சாம்பல்தான் வரும். இரண்டாம் தடவை கறுப்பு கண்ணாடிபோல வந்தது. ஆனால் அவசரப்பட்டு மறுநாளே டேப் ஒட்டினேன். வாலருகே உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் வரை பெயர்ந்து வந்தது. பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் சரியாகக் கழுவாததும் ஒரு காரணம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மூன்றாம் தடவை கழுவி, காயவைத்து, கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டேன். கறுப்பை ஐந்து நாள் அப்படியே விட்டேன். மோந்து பார்த்து வாசனை அறவே போன பிறகுதான் காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷைக் கையில் எடுத்தேன். அழுத்தம் 12 பிஎஸ்ஐ, தூரம் மூன்று விரல்கடை, பனிபோல மெல்லிய பூச்சுகள். முதல் பூச்சில் ஒன்றும் தெரியாது. மூன்றாவதில் திடீரென்று உலோகம் முளைக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் பளபளப்பு செத்துவிடும். டேப்பை மணிக்கட்டில் ஏழெட்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்த பிறகே மாடலில் ஒட்டினேன். அடிப்படை நிறம் அலுமினியம். எஞ்சின் கூடுகளில் டார்க் அலுமினியம், இறக்கையிலும் வாலிலும் அசையும் கண்ட்ரோல் பரப்புகளில் ஒயிட் அலுமினியம், அங்கங்கே சில பேனல்களுக்கு டியூராலுமின். நாலு எஞ்சின் கூடும் வட்டம் இல்லை, நீள்வட்டம். அந்த வளைவில் டேப் ஒட்டுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

டீகால் (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னம்) விஷயத்தில் எரிச்சல்தான். கிட்டில் இந்தியச் சின்னம் கிடையாது. ஒரு கடையில் பணம் கட்டி ஏழு வாரம் ஆகியும் பார்சல் வரவில்லை, பதிலும் இல்லை. சரி என்று வெள்ளை டீகால் தாளில் நானே அச்சடித்தேன். 1950-க்கு முன் என்றால் நீலச் சக்கரம், அதற்குப் பிறகு காவி, வெள்ளை, பச்சை வட்டம். நான் எடுத்துக்கொண்டது எச்.இ.807 என்ற எண் கொண்ட விமானம். 1974-ல் பிரிட்டனுக்குப் பறந்துபோய், இப்போது அங்கே ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனால் மூவர்ணம்தான். காவி முதல் அச்சில் செங்கல் நிறத்தில் வந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

மூக்கில் எடை வைக்க மறக்காதீர்கள். இது வாலில் உட்காரும் விமானம். நிஜ விமானத்துக்கே வாலடியில் ஒரு முட்டு உண்டு. தூண்டில் ஈயக்குண்டுகளை முன் சக்கர அறைக்கு இருபுறமும், விமானி இருக்கைக்குப் பின்னாலும் திணித்தேன். டேப்பால் ஒட்டிச் சோதித்தபோது நின்றது. மேல் டரட்டை (சுழலும் துப்பாக்கிக் கூண்டு) மாட்டிய பிறகும் நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

அடுத்ததாக 5-ஆம் ஸ்குவாட்ரனின் கான்பெரா ஜெட் குண்டுவீச்சு விமானத்தின் கிட்டையும் வாங்கி வைத்துவிட்டேன், 1957-ல் இந்த லிபரேட்டர்களின் இடத்துக்கு வந்தது அதுதான். பெட்டியைத் திறந்து விமானி அறையின் கண்ணாடி மூடியான கேனபியை மட்டும் எடுத்துப் பார்த்தேன், நல்ல தெளிவு. ஆனால் லிபரேட்டரில் இன்னும் டரட் கண்ணாடிகள், சக்கரங்கள், ஆன்டெனா கம்பி எல்லாம் பாக்கி. இன்று ராத்திரி காவியை மறுபடி அச்சடிக்கிறேன்.