செவ்வந்தி நாத்து வெளிய போகுது: பள்ளத்தூர் வீட்டு நாட்குறிப்பு

ஜூன் 12

கட்டிங் எல்லாம் வேர் பிடிச்சிருச்சு. புரோட்ரேக்கு (குழி குழியா இருக்குற நாத்து ட்ரே) அடியில இருக்குற ஓட்டை வழியா வெள்ளை வேர் எட்டிப் பாக்குது, தண்டைப் பிடிச்சு லேசா மேல தூக்கினா கொக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) உதிராம கட்டியா அப்படியே வருது. மஞ்சச் செவ்வந்தி. எங்க கிணத்தடியில ரொம்ப வருசமா நிக்கிற ஒரே தாய்ச்செடியில நுனி கிள்ளி எடுத்தது, ஒவ்வொண்ணும் 5லேர்ந்து 7 செ.மீ. நீளம், கீழ் இலைய உருவிட்டு வேர் வர வைக்கிற பவுடர்ல தொட்டு நட்டது. மே மாச வெயில்ல இந்த ஊர்ல வெளிய வச்சு வேர் பிடிக்க வைக்கிறது பெரும்பாடு, அதனால ரெண்டாம் கட்டு ரூம்ல எல்இடி ட்யூப்லைட்டுக்குக் கீழ பிளாஸ்டிக் மூடி போட்டு வளத்தேன்.

இனிமேதான் வேலையே, ரூம்ல வளந்த நாத்த வெளி வெயிலுக்கும் காத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். நிறைய பேரு வேர் வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு ட்ரேய நேரா வெயில்ல கொண்டுபோய் வச்சிர்றாங்க, மூணாம் நாள் செடி கருகிப்போகுது, உடனே "எனக்குக் கை ராசி இல்ல"ன்னு விட்டுர்றாங்க. ராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. மூடிக்குள்ள ஈரக்காத்துலயே வளந்த இலைக்கு மேல்தோல் மெல்லிசு, மெழுகுப் பூச்சு கம்மி, இலையில இருக்குற மூச்சுத் துளைங்க டக்குனு மூடிக்கவும் பழகியிருக்காது. அந்த இலைய எங்க ஊரு ஜூன் காத்துல வச்சா வேர் உறிஞ்சுற தண்ணிய விட வேகமா இலை தண்ணிய விடும். வெயில்னு நாம சொல்றோம், ஆனா முதல்ல அடிக்கிறது காஞ்ச காத்துதான்.

ஜூன் 14

மூடிய முழுசா எடுக்கல. காலையில ஒரு விரல் சந்து விட்டேன், சாயங்காலம் ரெண்டு விரல். ராத்திரி காத்துல ஈரம் கூடுதலா இருக்கும், அதனால ராத்திரி முழுக்கத் திறந்து வச்சுட்டு மதியம் மட்டும் பாதி மூடுறேன். இந்த வரிசைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, செடிக்கும் சுலபம்.

ஜூன் 16

மூடி போயாச்சு. டேபிள் ஃபேன ரூம் மூலையில வச்சு, நேரா செடி மேல அடிக்காம சுவத்துல அடிச்சுத் திரும்புற மாதிரி சின்ன வேகத்துல ஓட்டுறேன். காத்துல ஆடுற தண்டு குட்டையா தடிச்சு வளரும், ஆடாத தண்டு நூல் மாதிரி நீளும். கையால தடவி விட்டாலும் அதே பலன், காலையில போறப்ப வர்றப்ப நுனிங்கள உள்ளங்கையால மெதுவா ஒரு தடவு தடவிட்டுப் போறேன்.

அப்பத்தா வந்து பாத்துட்டு, "ஏத்தா, பூச்செடிக்குப் போயி ஃபேன் போட்டு விட்டுருக்க, கரண்டு பில்லு யாரு கட்டுறது"ன்னு கேட்டாங்க. வெளிய ஆடிக் காத்து அடிக்கப் போகுதுல்ல அப்பத்தா, அதுக்கு இப்பவே பழக்குறேன்னேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்தாங்க. "சரி, பிள்ளையார் நோன்புக்குப் பூ வந்தாச் சரி"ன்னுட்டுப் போனாங்க. திருக்கார்த்திகைக்கு அப்புறம் வர்ற நோன்பு அது.

ஜூன் 19

இன்னைக்கு ட்ரே ரூம விட்டு வெளிய வந்து வளவுத் தாழ்வாரத்துல (வீட்டு நடு முற்றத்தச் சுத்தி இருக்குற தாழ்வாரம்) உக்காந்துருச்சு.

செட்டிநாட்டு வீட்டுல இருக்குறவங்களுக்கு நாத்து பழக்க தனியா நெட் ஹவுஸே (நிழல்வலைக் கூடாரம்) வேணாம்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். ரூம், அதுக்கு வெளிய தாழ்வாரத்தோட உள் ஓரம், அப்புறம் தூண் ஓரம், அப்புறம் வானம் பாக்குற நடு வளவு, கடைசியா பின்கட்டுத் தாண்டிக் கிணத்தடி. ட்யூப்லைட்டக் கணக்குல சேக்காமப் பாத்தா, ஒவ்வொரு படியா வெளிச்சம் கூடிக்கிட்டே போற மாதிரியே கட்டி வச்சிருக்காங்க. ஃபோன்ல லக்ஸ் (வெளிச்சத்தோட அளவு) பாக்குற ஆப் வச்சு அளந்தேன், ஃபோன் கணக்கு அவ்வளவு துல்லியம் இல்லதான், ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கப் போதும். ட்யூப்புக்குக் கீழ 6,000 சொச்சம். தாழ்வாரத்து உள் ஓரம் அதுக்கும் கம்மி. தூண் ஓரம் 12,000 வரைக்கும் போகுது. நடு வளவு உச்சி வெயில்ல 1,00,000 தாண்டுது. ரூம்லேர்ந்து நேரா நடு வளவுக்குப் போனா செடிக்கு ஒரே நாள்ல 15 மடங்குக்கு மேல வெளிச்சம், எந்த இலை தாங்கும்?

இன்னொண்ணு. ட்ரேய தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு மேல நேரா வைக்கல, பலகை போட்டு அது மேல வச்சேன். நிழல்ல அந்தக் கல்லு ஜில்லுனு இருக்கும், ஆனா வெயில் பட்ட இடத்துல சூடேறி நிக்கும், கறுப்பு பிளாஸ்டிக் ட்ரேயும் சேந்துக்கிட்டா உள்ள இருக்குற வேர் வெந்துரும். இலையப் பாத்துக்கிட்டே இருப்போம், வேர் சூடாகுறது கண்ணுக்குத் தெரியாது.

ஜூன் 21

வருசத்துலயே நீளமான பகல் இன்னைக்கு. அப்படியும் எங்க ஊர்ல பகல் 13 மணி நேரத்தத் தொடாது, பூமத்திய ரேகையிலேர்ந்து வெறும் 10 டிகிரி வடக்க இருக்கோம்.

இத ஏன் எழுதுறேன்னா செவ்வந்தி குறும்பகல் செடி. ராத்திரி நீளமாச்சுன்னா மொட்டுக்குப் போயிரும், நிறைய ரகத்துக்கு பகல் 13½ மணிக்குக் கீழ இறங்கினாலே போதும். ரூம்ல நான் தினம் 16 மணி நேரம் லைட் போட்டு வச்சிருந்தேன், அதனால இலையும் தண்டுமா வளந்துச்சு. இப்ப வெளிய வந்த உடனே செடி என்ன நினைக்கும்? ராத்திரி நீண்டுருச்சு, பூக்க வேண்டியதுதான்னு நினைக்கும். சாண் உயரத்துலயே மொட்டு விட்டு, கிளை பிரியாம, நாலு பூவோட நின்னுரும். ஜூன் சூடு மொட்டக் கொஞ்சம் தள்ளிப்போடும், உண்மைதான், ஆனா அத மட்டும் நம்பி உக்கார முடியாது.

அதுக்குத்தான் தாழ்வாரத்துல ஒரு 9 வாட் பல்பு. டைமர் வச்சு ராத்திரி பத்தரை மணிக்கு எரிஞ்சு ஒன்றரை மணிக்கு அணையும். பெரிய வெளிச்சம் தேவையில்ல, செடி மேல 100 லக்ஸ் விழுந்தாப் போதும், நீளமான இருட்ட நடுவுல உடைச்சுட்டா செடி அத ரெண்டு குட்டி ராத்திரின்னு எடுத்துக்கும். ஓசூர் பக்கம் பாலிஹவுஸ்ல பூ வளக்குறவங்க இதே முறையிலதான் லைட் போடுறாங்க.

ஜூன் 24

தூண் ஓரத்துக்கு நகத்தியாச்சு. காலையில ஏழரைக்கு வளவுல சாய்வா ஒரு வெயில் வரும், ஒரு மணி நேரம் இருக்கும், அது மட்டும் நேரா படுற மாதிரி வச்சேன். அப்புறம் நிழல்.

மதியம் ஒண்ணு ரெண்டு நாத்து தலை தொங்குச்சு. பாத்த உடனே தண்ணி ஊத்தணும்னு கை போகும், ஊத்தல. விரல வச்சுப் பாத்தேன், உள்ள ஈரம் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா நிமிந்துருச்சு. மதியம் தொங்கி சாயங்காலம் நிமிந்தா அது பழகிக்கிட்டு இருக்கு. விடியக்காலையில பாக்குறப்பவும் தொங்கினா வேர்ல கோளாறு, அழுகல் வந்திருக்கலாம், இல்ல கொக்கோபீட் முழுசா காஞ்சிருக்கலாம். விடியக்காலை செடியத்தான் நம்பணும், மதியச் செடிய நம்பக் கூடாது.

ஜூன் 25

ஒண்ணும் செய்யல. அதே இடம், அதே வெயில்.

ஜூன் 28

அடுத்த வீட்டு ஆச்சி போன வாரம் ஆசையா கேட்டாங்கன்னு கொஞ்சம் நாத்து குடுத்திருந்தேன். அவுங்க வீட்டுல வளவு மேல கம்பியும் ஷீட்டும் போட்டு மூடிட்டதால மொட்டைமாடிய விட்டா வேற இடம் இல்ல. இன்னைக்குக் கூப்பிட்டுக் காட்டினாங்க. மேல் இலையில வெயில் பாத்த பக்கம் மட்டும் வெள்ளையா காகிதம் மாதிரி ஆயிருக்கு. இலையோட ஓரம் பழுப்பாகி சுருண்டும் இருக்கு. ரெண்டும் வேற வேற. வெள்ளைத் திட்டு வெயில் சுட்டது, ஓரம் காஞ்சது காத்தும் தண்ணி பத்தாததும் சேந்து செஞ்சது. மாடியில தளத்துச் சூடு கீழேர்ந்தும் ஏறுது, புரோட்ரே குழில இருக்குறது ஒரு கைப்பிடி கூட இல்லாத கொக்கோபீட், பத்து மணிக்குள்ள காஞ்சுரும்.

எனக்கு இதுல முக்கியமாப் பட்டது என்னன்னா, அவுங்க வீட்டுச் செடியும் என் வீட்டுச் செடியும் ஒரே செடி. விதையில வந்ததுன்னா இது வீரியம் கம்மியான விதைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். கட்டிங்ல அந்தப் பேச்சுக்கே இடமில்ல, தாய் ஒண்ணு, வயசு ஒண்ணு, வித்தியாசம் எல்லாம் வச்ச இடத்துலதான்.

ஆச்சிகிட்ட ட்ரேய தண்ணித் தொட்டியோட கிழக்குப் பக்க நிழலுக்கு மாத்தச் சொன்னேன், பத்து மணிக்கு மேல 75 சதவீத நிழல்வலை, அடியில பலகை. வெள்ளையான இலையக் கிள்ள வேணாம்னும் சொன்னேன், மிச்சம் இருக்குற பச்சையாவது சாப்பாடு செஞ்சு குடுக்கும். குருத்து உசுரோட இருக்கு, வந்துரும்.

ஜூலை 2

வந்துருச்சு, நான் காத்துக்கிட்டிருந்தது.

நுனியில விரிஞ்சிருக்குற புது இலை பழசு மாதிரி இல்ல. சின்னது, கனமா இருக்கு, கரும்பச்சை, தொட்டா மொடமொடன்னு இருக்கு. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி குறைஞ்சிருக்கு. பழைய இலை அதே வெளிர் பச்சையா அப்படியே நிக்குது.

பழக்குறதுன்னா இருக்குற இலை உரமாயிரும்னு பலரும் நினைக்குறாங்க. ரூம்ல விரிஞ்ச இலை கொஞ்சம்தான் மாறும், முழுசா வெயில் இலையா ஆகாது. வெயில் இலைன்னா வெயில்லயே உருவாகி விரியணும். பழைய இலையோட வேலை புது இலை வர்ற வரைக்கும் செடியத் தாங்குறது, நம்ம வேலை பழைய இலையக் கருகவிடாமக் காப்பாத்துறது. அதனாலதான் ஏழு நாளு, பத்து நாளுன்னு கணக்கு சொல்றத நான் ஏத்துக்கிறதே இல்ல. மேகமூட்டமா இருந்தா ஒரு கணக்கு, அனல் அடிச்சா ஒரு கணக்கு. வெளிய விரிஞ்ச நாலஞ்சு இலை நுனியில தெரிஞ்சாத்தான் தரைக்குப் போகணும்.

ஜூலை 6

நடு வளவு. காலை வெயில் பத்தரை வரைக்கும், அப்புறம் 50 சதவீத வலை.

தண்ணிய கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன், கொக்கோபீட் மேல் பக்கம் காஞ்சு வெளுத்த அப்புறம்தான் ஊத்துறேன். உரம் எதுவும் கிடையாது. இந்தச் சமயத்துல யூரியாவோ மீன் அமிலமோ குடுத்தா செடி பளபளன்னு வளரும், பாக்க ஆசையா இருக்கும், ஆனா அது பூராவும் பிஞ்சு வளர்ச்சி, அசுவினிப் பூச்சிக்கு விருந்து வச்ச மாதிரி. இலைக்கு அடியில திருப்பிப் பாத்தேன், ஒண்ணு ரெண்டு இருந்துச்சு, தண்ணியப் பீச்சிக் கழுவி விட்டேன். சூட்டுல சிவப்புச் சிலந்தியும் வரும், அதுக்கும் இலையோட அடிப்பக்கத்தத்தான் பாக்கணும்.

ஜூலை 10

சாயங்காலம் திடீர்னு இடிச்சு ஒரு கால் மணி நேரம் கொட்டுச்சு. நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் வளவுலதான் விழும், ஓடிப்போய் ட்ரேய எல்லாம் தாழ்வாரத்துக்கு இழுத்தேன், அண்டாவ வரிசையா வச்சுத் தண்ணியும் பிடிச்சாச்சு. மழைத்தண்ணி நாத்துக்கு அமிர்தம், எங்க போர் தண்ணியில உப்பு, கொக்கோபீட் மேல வெள்ளையா படியும்.

ஜூலை 13

தோட்டத்துக்கு வர்ற அண்ணே இன்னைக்குப் பாத்தி எடுத்தாரு. எங்க மண்ணு செம்மண்ணும் சரளையும், ஒரு அடி தோண்டினா செம்புராங்கல்லு தட்டும். காஞ்சா இரும்பு, நனைஞ்சா களி. ரெண்டு கூடை செம்மண்ணுக்கு ஒரு கூடை மணல், ஒரு கூடை நல்லா மக்கின சாணின்னு கலந்து மேட்டுப்பாத்தியா போட்டோம், ஐப்பசி கார்த்திகை மழையில செவ்வந்தி வேர்ல தண்ணி நின்னா வாடல் நோயும் அழுகலும் வந்துரும்.

மேக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு நிழல்வலை கட்டினோம். முழு மறைப்பா தகரம் வைக்கலாம்னு அண்ணே சொன்னாரு, நான் வேணாம்னுட்டேன், தகரத்துல மோதின காத்து மேல ஏறி அந்தப் பக்கம் சுழிச்சு விழும், வலைன்னா காத்த வடிகட்டி வேகத்தக் குறைச்சு விடும்.

"நாத்து ரெடியாத்தான் இருக்கு, இன்னைக்கே நட்டுருவமா"ன்னு அவரு கேட்டதுக்கு அப்பத்தா உள்ளேர்ந்தே குரல் குடுத்தாங்க, "ஆடி பொறக்கட்டும்ப்பா." எனக்கும் சம்மதம்தான், ராத்திரியும் வெளியவே இருந்து பழக இன்னும் நாலு நாள் கிடைக்கும். ட்ரே இன்னைலேர்ந்து கிணத்தடியிலேயே, பாத்திக்குப் பக்கத்துல. பல்பும் அங்க மாறிருச்சு.

ஜூலை 18

நட்டாச்சு. ஆடி 2.

மதியமே பாத்திய நல்லா நனைச்சு விட்டுட்டு, வெயில் இறங்கின அப்புறம் அஞ்சு மணிக்கு மேல ஆரம்பிச்சோம். செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 30 செ.மீ. நடுறதுக்கு முந்தி ட்ரேய மழைத்தண்ணியில முக்கி எடுத்தேன், கொக்கோபீட் காஞ்சிருந்தா சுத்தி இருக்குற மண்ணு ஈரம் உள்ள போகாது, அது தனியா ஒரு காஞ்ச கட்டியா மண்ணுக்குள்ள நிக்கும். தண்ட ஆழமாப் புதைக்கல, ட்ரேல இருந்த மட்டத்துக்கே. சுத்தி வைக்கோல் மூடாக்கு.

நாலு நாளைக்கு மட்டும் மதியம் 50 சதவீத வலை, பந்தல் மாதிரி உயரமா. அப்பத்தா முறத்த எடுத்துட்டு வந்து ஓரத்துச் செடிக்கு அவுங்க பங்குக்கு நிழல் வச்சுட்டுப் போனாங்க.

ஜூலை 24

வலைய எடுத்து ரெண்டு நாளாச்சு. ஆடிக் காத்து ஊளையிடுது, முருங்கை ஒண்ணு முறிஞ்சு விழுந்து கிடக்கு, செவ்வந்தி ஆடுதே தவிர சாயல. விடியக்காலை போய் வரிசையாப் பாத்தேன், எல்லாம் நிமிந்து நிக்குது. ரூம்ல விரிஞ்ச கீழ் இலைங்க மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சிருக்கு, அதுக்குக் கவலையே இல்ல.

ஆச்சி வீட்டுச் செடியும் குருத்து விட்டு மேல வந்துருச்சு, அவுங்களுக்கும் கிணத்தடியில ரெண்டு வரிசை நட்டுக் குடுத்தாச்சு.

இனி ஆகஸ்ட் நடுவுல, நட்டு நாலு வாரத்துல, நுனி கிள்ளணும், அப்பத்தான் பக்கக்கிளை வரும். கிள்ளின நுனி அடுத்த கட்டிங்குக்கு. ராத்திரி பல்பு அக்டோபர் முதல் வாரம் வரைக்கும் எரியும். நிறுத்தினதுலேர்ந்து 8லேர்ந்து 10 வாரத்துல பூ வரும், திருக்கார்த்திகை முடிஞ்சு 21வது நாள் பிள்ளையார் நோன்பு, அதுக்கு ஒத்து வருது. அப்பத்தா காலண்டர்ல அந்தத் தேதிய பென்சில்ல சுழிச்சு வச்சிட்டாங்க.